பாட்டைப் போட்டது யார்? வீட்டில் ஒலிக்கும் இசையும் இருவரின் உறவும்

1979 ஜூலை 1 அன்று சோனி நிறுவனம் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வாக்மேனில் ஹெட்ஃபோன் சொருக இரண்டு துளைகள் இருந்தன. கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் தணியும். கேட்டுக்கொண்டிருக்கும் இருவரும் கருவியிலேயே இருந்த சின்ன மைக் வழியாகப் பேசிக்கொள்ளலாம். கையடக்கமான, ஒருவர் தூக்கிக்கொண்டு திரியக்கூடிய கருவியில் இந்த ஏற்பாடு எதற்கு? நிறுவனர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா தன் நினைவுக் குறிப்புகளில் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். சோதித்துப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுபோனார். காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். தன்னை ஒதுக்கிவிட்டதாக மனைவிக்கு எரிச்சல் வந்துவிட்டது. இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது ஒருவர் மட்டும் பாட்டுக் கேட்பது மரியாதையாக இருக்காது என்று மொரிட்டாவும் நினைத்தார். அதனால் வந்தது இரண்டாவது துளை.

வாங்கியவர்கள் அவர் கணக்கைப் பொய்யாக்கினார்கள். ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளவே விரும்பினார்கள். இரண்டாவது துளை நாளடைவில் காணாமல் போனது. ஆனால் அந்த எரிச்சல் போகவில்லை. பாட்டு என்றால் வீட்டின் பொது அறையில் வானொலிப் பெட்டியிலோ இசைத்தட்டிலோ ஒலிப்பது என்றிருந்த காலத்தில் சண்டை எதைப் போடுவது என்பதைப் பற்றி மட்டும்தான். இப்போது அதற்கு முந்தைய கேள்வி ஒன்று சேர்ந்துவிட்டது: ஸ்பீக்கரில் போடுவதா, காதில் மாட்டிக்கொள்வதா?

கண்ணை மூடிக்கொள்ளலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். காதை அப்படி மூட முடியாது. எனவே வீட்டில் சத்தமாகப் பாட்டுப் போடும் ஒவ்வொருவரும், அதை உணர்ந்தாலும் உணராவிட்டாலும், இன்னொருவருக்காகவும் சேர்த்தே ஒரு முடிவை எடுக்கிறார். இசை காதலை வளர்க்கிறதா, குலைக்கிறதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பாட்டைப் பார்த்துப் பதில் தேடுகிறார்கள்: மெல்லிசையா, அதிரடியா, காதல் பாட்டா, சோகப் பாட்டா என்று. என் பார்வையில் அது தவறான இடத்தில் தேடுவது. முடிவை எடுத்தவர் அதை எப்படி எடுத்தார் என்பதே உறவில் போய்ப் படிகிறது. ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தாலும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன.

அதிகம் பேசப்பட்ட ஆய்விலிருந்தே தொடங்கலாம். 2016-ல் ஸ்பீக்கர் தயாரிக்கும் சோனோஸ் நிறுவனமும் ஆப்பிள் மியூசிக்கும் சேர்ந்து நரம்பியல் அறிஞர் டேனியல் லெவிட்டினின் ஆலோசனையோடு ஒரு சோதனை நடத்தின. பல நாடுகளில் 30 வீடுகள். முதல் வாரம் வீட்டில் பாட்டே கூடாது. அடுத்த வாரம் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொள்ளலாம். கைக்கடிகாரம், சென்சார், கேமரா எல்லாம் வைத்து வீட்டிலிருப்பவர்களின் நடமாட்டத்தைக் கவனித்தார்கள். கூடவே 30,000 பேரிடம் கருத்துக் கணிப்பு. பாட்டு ஒலித்த வாரத்தில் வீட்டிலிருப்பவர்களுக்கு இடையிலான தூரம் 12 சதவீதம் குறைந்தது என்றும், சேர்ந்து பாட்டுக் கேட்ட தம்பதிகளின் தாம்பத்திய உறவு 67 சதவீதம் கூடுதல் என்றும் அறிவித்தார்கள். இரண்டாவது எண்தான் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது, வேறெது ஆகும்?

ஸ்பீக்கர் விற்கிறவர் நடத்தும் ஆய்வில் ஸ்பீக்கர் நல்லது என்று வருவதில் வியப்பில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் சோதனையின் அமைப்பில் இருக்கிறது. பாட்டுக்குப் பழகியவர்களிடமிருந்து ஒரு வாரம் அதைப் பிடுங்கிவைத்து, பிறகு திருப்பிக் கொடுத்தால் அந்த இரண்டாம் வாரம் யாருக்கும் திருவிழாதான். கூடியது பாட்டாலா, தடை நீங்கியதாலா? சோதனை எதற்கென்று பங்கேற்றவர்களுக்குத் தெரியும். கேமரா முதல் வாரம் உறுத்தும், அடுத்த வாரம் பழகிவிடும். 30 வீடுகள் என்பதும் சிறிய எண்ணிக்கை. கருத்துக் கணிப்பிலோ காரண காரியம் தலைகீழாகவும் இருக்கலாம்: ஒற்றுமையாக இருக்கும் ஜோடிகள்தான் வீட்டில் பாட்டுப் போட்டுக்கொள்ளும் மனநிலையில் இருப்பார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டில் யார் போய்ப் பாட்டுப் போடுவார்?

ஆனாலும் அந்த 12 சதவீதத்தை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். எண் எவ்வளவு துல்லியமோ தெரியாது, ஆனால் அதன் பின்னாலுள்ள இயக்கம் நம்பத்தக்கது. ஸ்பீக்கர் ஓரிடத்தில் இருக்கிறது. பாட்டைச் சரியாகக் கேட்க வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு வர வேண்டும். ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு திரையோடு இருந்தவர்கள் ஒரே அறைக்கு வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. அதற்குப் பிறகு நடப்பதில் பாட்டின் பங்கு எவ்வளவு, பக்கத்தில் இருப்பதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

காதல் பாட்டு ஒலித்தால் காதல் பிறக்கும் என்று காட்டுவதாகச் சொல்லப்பட்ட ஆய்வும் ஒன்று உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா கெகன் குழுவினர் 2010-ல் வெளியிட்டது. காத்திருப்பு அறையில் காதல் பாட்டு ஒலித்தபோது, பிறகு தொலைபேசி எண் கேட்ட இளைஞனுக்கு 52 சதவீதப் பெண்கள் எண்ணைக் கொடுத்தார்கள். பொதுவான பாட்டு ஒலித்தபோது 28 சதவீதம் பேர். ஆனால் பிற்பாடு கெகனின் பல ஆய்வுகளின் தரவுகள் மீது கடுமையான கேள்விகள் எழுந்தன. பெண்களின் குதிகால் உயர்ந்த காலணி பற்றிய அவரது கட்டுரை 2019-ல் திரும்பப் பெறப்பட்டது. இசையும் காதலும் பற்றிய வலைக் கட்டுரைகளில் அந்த 52 சதவீதம் இன்னும் உலவுகிறது. பார்த்தால் கடந்துபோவது நல்லது.

உறுதியாகத் தெரிந்தது என்ன? 2011-ல் கனடாவின் மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சாலிம்பூர், ராபர்ட் சட்டோர் ஆகியோரின் குழு, பாட்டுக் கேட்டுப் புல்லரிக்கும் நேரத்தில் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது என்று காட்டியது. பிடித்த இடம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பின்போது மூளையின் ஒரு பகுதியிலும், அந்த இடம் வந்தே விட்டபோது வேறொரு பகுதியிலும் சுரந்தது. சாப்பாடு, காமம் ஆகியவற்றுக்கு வேலை செய்யும் அதே இன்ப அமைப்பு. "இசை காதலுக்கு நல்லது" என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

அதே சட்டோர், ஆன் பிளட் என்பவரோடு சேர்ந்து 2001-ல் வெளியிட்ட முந்தைய ஆய்வின் அமைப்பைப் பார்த்தால்தான் கதை முழுமையாகும். பங்கேற்ற ஒவ்வொருவரும் தனக்குப் புல்லரிக்கும் இசையைத் தானே தேர்ந்து கொண்டுவந்தார். ஒப்பீட்டுக்கு உணர்ச்சி எதையும் கிளப்பாத இசை வேண்டுமே? அதற்கு ஆய்வாளர்கள் பயன்படுத்தியது இன்னொரு பங்கேற்பாளர் கொண்டுவந்த இசையை. ஒருவருக்கு உடல் சிலிர்க்கவைத்தது அடுத்தவருக்கு வெறும் சத்தம். இதை வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். "இந்த இடத்தைக் கேளு, இந்த இடத்தைக் கேளு" என்று ஒருவர் பரவசப்படுகிறார். மற்றவர் மரியாதைக்குத் தலையாட்டுகிறார். இருவர் காதிலும் விழுந்தது ஒன்றே, மூளையில் நடப்பது வேறு வேறு. பிடித்ததைப் போட்டால் துணைக்கும் இதமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு நரம்பியலில் ஆதாரம் இல்லை.

சேர்ந்து அசைவது பற்றிய ஆய்வுகள் இதைவிடத் தெளிவானவை. 14 மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இசைக்கேற்ப ஆட்டும்போது, எதிரே நிற்பவரும் அதே தாளத்தில் ஆடினால், பிறகு அவர் கீழே தவறவிட்ட பொருளை எடுத்துக் கொடுக்க அந்தக் குழந்தை கூடுதலாக முன்வருகிறது; 2014-ல் லாரா சிரெல்லியும் லாரல் டிரெய்னரும் உள்ளிட்ட குழு கண்டது இது. 2015-ல் பிரேசிலில் மாணவர்களை வைத்து ராபின் டன்பார் உள்ளிட்டோர் செய்த ஆய்வில், ஒத்திசைந்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் அளவும் உயர்ந்தது, கூட ஆடியவர்கள் மீதான நெருக்க உணர்வும் உயர்ந்தது. இங்கே எதுவும் உட்கார்ந்து கேட்டதால் வந்ததல்ல. உடல் அசைந்தது, ஒன்றாக அசைந்தது. ஆகவே பாட்டை ஓடவிட்டு ஆளுக்கொரு மூலையில் இருக்கும் ஜோடியைவிட, துணி மடித்துக்கொண்டோ பாத்திரம் துடைத்துக்கொண்டோ கூடவே முணுமுணுக்கும் ஜோடிக்கு இந்த ஆய்வுகள் பொருந்தும். நெருக்கத்தோடு தொடர்புபடுத்தப்படும் ஹார்மோனான ஆக்ஸிடோசின் என்ற பெயரும் இந்தப் பேச்சில் தவறாமல் வந்துவிடும். அந்த ஆதாரங்கள் பெரும்பாலும் சேர்ந்து பாடுவதைப் பற்றியவை, முடிவுகளும் முன்னுக்குப் பின் முரணானவை, அதை விட்டுவிடலாம்.

சத்தத்தின் அளவு

ஜோடிகளுக்குள் பாட்டால் வரும் சண்டையில் பெரும்பகுதி ரசனையைப் பற்றியதல்ல, வால்யூமைப் பற்றியது. இதைப் பற்றி யாரும் ஆர்வமாக எழுதுவதில்லை. ஆனால் அன்றாடத்தில் உறவை அரிப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இயல்பான உரையாடல் ஒரு மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 60 டெசிபல். பின்னணியில் பாட்டு அதை நெருங்கினால் பேசுகிறவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறார். பிரெஞ்சு மருத்துவர் எட்டியன் லொம்பார் 1911-ல் விவரித்த விளைவு இது. அவர் பெயரிலேயே வழங்குகிறது. முயன்றாலும் முழுக்கக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குத் தானாக நடப்பது. குரல் உயரும்போது அதன் சுருதியும் கூடுகிறது, சொற்கள் நீள்கின்றன. இப்படிப் பேசும் ஒருவரை எதிரே இருப்பவர் எப்படி எடுத்துக்கொள்வார்? "ஏன் கத்துற?" என்று கேட்பார். கத்தவில்லை என்று பதில் வரும், இன்னும் உரத்த குரலில். பாட்டை நிறுத்தியிருந்தால் பாதிச் சண்டை நடந்தே இருக்காது.

வயதானவர்களுக்கு இது இன்னும் கடுமை. வயதோடு வரும் செவித்திறன் குறைவில் முதலில் அடிபடுவது, இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறியும் திறன். பாட்டும் கேட்கும், துணை பேசுவதும் கேட்கும், என்ன பேசினார் என்பது மட்டும் புரியாது. அவருக்குத் தன் காதில் குறை இருப்பதே தெரியாமல் இருக்கலாம். மற்றவரோ "நான் பேசுறதைக் கண்டுக்கவே மாட்டேங்குற" என்று மனம் கசந்துபோகிறார். அங்கே அன்புக்குக் குறைவில்லை. பேசும்போது பாட்டை நிறுத்திவைப்பதும் ஒரு செவிப் பரிசோதனையும் போதும்.

ஆளுக்கு ஆள் தாங்கும் அளவும் மாறும். ஏட்ரியன் ஃபர்ன்ஹாம் குழுவினர் 1997-ல் செய்த ஆய்வில், பின்னணியில் பாப் இசை ஒலித்தபோது வாசித்துப் புரிந்துகொள்ளும் வேலையில் அகமுக இயல்புடையவர்கள் வெளிமுக இயல்புடையவர்களைவிட அதிகம் தடுமாறினார்கள். வரிகளுள்ள பாட்டு வாசிப்பையும் எழுத்தையும் கலைக்கும் என்பது பல ஆய்வுகளில் வந்தது. மொழியைக் கையாளும் மனம் ஒரே நேரத்தில் இரண்டு சொல்லோட்டங்களைத் தாங்காது. வேலையிலிருந்து திரும்பியதும் ஒருவர் இளைப்பாறப் பாட்டைப் போடுகிறார், அதே நேரத்தில் மற்றவர் இளைப்பாற அமைதியைத் தேடுகிறார். இருவர் நோக்கமும் ஒன்று. வீடு ஒன்றாக இருப்பதுதான் சிக்கல்.

இளைப்பாறுதல் என்பது கற்பனையல்ல. அலெக்ஸாண்ட்ரா லின்னமனும் உர்ஸ் நாட்டரும் அன்றாட வாழ்வில் இசை பற்றிச் செய்த ஆய்வுகளில் 2016-ல் வந்த ஒன்று, தனியாகக் கேட்பதைவிடப் பிறரோடு இருக்கையில் கேட்பது மன அழுத்தத்தைக் கூடுதலாகத் தணிக்கிறது என்றது. 2019-ல் 40 ஜோடிகளிடம் ஐந்து நாள் உமிழ்நீர் மாதிரி எடுத்துப் பார்த்ததில், பாட்டுக் கேட்ட பெண்களிடம் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்தது. ஆண்களின் உடல் காட்டிய விளைவு அப்படி இல்லை. ஒரே வீட்டில் வாழும் இருவருக்கு ஒரே பாட்டு ஒரே மருந்தாக வேலை செய்யாது.

ரசனை ஒத்துப்போக வேண்டுமா?

பழகத் தொடங்கும் நாட்களில் ஒத்துப்போவது உதவும். 2006-ல் பீட்டர் ரென்ட்ஃப்ரோவும் சாம் காஸ்லிங்கும் அறிமுகமில்லாதவர்களை இணையவழி பேசிப் பழகச் சொன்னபோது, அவர்கள் எடுத்த பேச்சுகளில் முன்னணியில் நின்றது இசை. ஒருவருக்குப் பிடித்த பாட்டுகளின் பட்டியலை மட்டும் வைத்தே முன்பின் தெரியாதவர்கள் அவரது குணத்தில் சிலவற்றைச் சரியாகக் கணித்தார்கள். 2011-ல் டயானா போயரின் குழு ஒருபடி மேலே போனது: ஒரே இசை பிடித்தவர்கள் ஒருவரையொருவர் விரும்புவதற்குக் காரணம் இசையே அல்ல, அந்த இசையை விரும்புகிறவர் தன்னைப்போன்ற விழுமியங்கள் உள்ளவராக இருப்பார் என்ற ஊகம் என்று காட்டியது. சேர்ந்து வாழத் தொடங்கிய பிறகு அந்த ஊகத்துக்குத் தேவை இல்லை. ஆள் எப்படிப்பட்டவர் என்று நேராகவே தெரிந்துவிடுகிறது. பட்டியலின் முக்கியத்துவம் அங்கே குறைகிறது.

அதனால் ரசனை வேறுபாடு உறவை முறிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முறிப்பது ஏளனம். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று ஒருமுறை கேட்டால் கேலி. திரும்பத் திரும்பக் கேட்டால், அதை ரசிக்கும் ஆளுக்கும் சேர்த்து மதிப்பெண் போடுவதாகிவிடும். தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆய்வகத்தில் கவனித்த ஜான் காட்மன், விவாகரத்தை முன்கூட்டிச் சொல்லும் அறிகுறிகளில் ஏளனத்தை முதலிடத்தில் வைக்கிறார். பதின்ம வயதில் தன்னைத் தாங்கிப் பிடித்த பாட்டைத் துணை கிண்டலடிக்கும்போது வலிக்கிறது என்றால், அந்த வலி பாட்டுக்காக மட்டும் அல்ல.

காட்மனின் இன்னொரு கண்டுபிடிப்பு நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. அன்றாடத்தில் ஒருவர் மற்றவரின் கவனத்தை இழுக்கச் செய்யும் சின்னச் சின்ன முயற்சிகளை அவர் குழு எண்ணிப் பார்த்தது. புதுமணத் தம்பதிகளை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்ததில், சேர்ந்தே இருந்தவர்கள் முன்பு அந்த முயற்சிகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 சதவீதத்துக்கு மட்டும். "இதைக் கேளேன்" என்று செல்பேசியை நீட்டுவது அப்படி ஒரு முயற்சி. பாட்டுப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று நிமிடம் கேட்டுவிட்டு "எனக்கு ஒட்டலை, ஆனா அந்த வயலின் நல்லா இருக்கு" என்பதும் முகம் கொடுத்ததே.

காதில் மாட்டும் கருவியின் பிரச்சினை இங்கேதான் வருகிறது. நான் அதற்கு எதிரி அல்ல. சின்ன வீட்டில், நேரம் மாறி வேலை செய்யும் இருவருக்கு, அது சமாதானக் கருவி. ஆனால் இரைச்சலை அடியோடு அழிக்கும் வகை வந்த பிறகு, கூப்பிட்டது காதிலேயே விழாமல் போகிறது. கூப்பிட்டவருக்கோ விழவில்லையா, விழுந்தும் திரும்பவில்லையா என்று தெரிய வழியில்லை. இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார். மாட்டிக்கொள்வதற்கு முன்பு "ஒரு மணி நேரம் கேக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு மாட்டுவதற்கும், பேச்சின் நடுவில் மாட்டுவதற்கும் இடைவெளி மிகப் பெரிது. பின்னது கதவைச் சாத்துவது.

இருவருக்கும் சொந்தமான பாட்டு

ஆஸ்திரேலியாவில் செலியா ஹாரிஸ் உள்ளிட்டோர், "இது எங்கள் பாட்டு" என்று ஜோடிகள் குறிப்பிடும் பாட்டுகளைப் பற்றி ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்களுக்கு அப்படி ஒன்று உண்டு என்றார்கள். அப்படி உள்ளவர்களிடம் நெருக்கமும் கூடுதலாக இருந்தது. நினைவின் இயக்கத்தை வைத்துப் பார்த்தால் இது எதிர்பார்க்கக்கூடியது. தன் கடந்த காலத்தோடு பிணைந்த பாட்டைக் கேட்கும்போது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி, இசையின் ஓட்டத்தையும் சொந்த நினைவையும் ஒருசேரக் கையாளுகிறது என்று பீட்டர் ஜனாட்டா 2009-ல் காட்டினார். ஆல்சைமர் நோயில் மற்ற பகுதிகளைவிடப் பிந்தியே சிதையும் பகுதிகளில் அது ஒன்று. பெயர் மறந்துபோன துணையோடு பழைய பாட்டின் வரியைச் சேர்ந்து பாடும் முதியவர்களைப் பராமரிப்பாளர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

அதே இயக்கம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். முந்தைய காதலோடு ஒட்டிக்கொண்ட பாட்டு புது வீட்டில் ஒலிக்கும்போது, அதைப் போட்டவர் ஒரு நொடி வேறெங்கோ போய்விட்டு வருகிறார். துணை அதைக் கவனித்துவிடுவார். பாட்டைத் தடை செய்து தீர்க்கக்கூடிய விஷயமில்லை இது. தடை செய்தால் அதன் கனம் கூடும். பெரும்பாலோர் சொல்லாமலே ஓர் ஏற்பாட்டுக்கு வந்துவிடுகிறார்கள்: அந்தப் பாட்டுகள் காதுக்குள், மற்றவை வெளியே. அதில் தவறொன்றும் இல்லை.

பாட்டைச் சாடையாகப் பயன்படுத்துவதும் உண்டு. நேரில் சொல்ல மனமில்லாததைப் பாட்டின் வரி சொல்லட்டும் என்று, மற்றவர் அறையைக் கடக்கும் நேரம் பார்த்துச் சத்தத்தைக் கூட்டுவது. ஊடலின்போது இது அழகு. வெளிப்படையாகச் சொல்வதைவிட இதில் பின்வாங்கவும் இடம் இருக்கிறது. ஆனால் பணம், பிள்ளை வளர்ப்பு, மாமனார் மாமியார் விவகாரம் ஆகியவற்றில் சாடைக்குப் பொருள் புரிந்ததா என்று சரிபார்க்க முடியாது. போட்டவர் சொல்லிவிட்டதாக நினைப்பார். கேட்டவருக்கு அது வெறும் பாட்டு.

கடைசியாக, தேர்வை இயந்திரத்திடம் விட்டுவிடும் பழக்கம். ஒரே கணக்கை இருவர் பயன்படுத்தினால் பரிந்துரைகள் கலங்கிப்போய் இருவருக்கும் பிடிக்காதவை வந்து நிற்கும். இதைச் சரிசெய்ய ஸ்பாட்டிஃபை 2021-ல் இருவரின் ரசனையையும் கலந்து ஒரே பிளேலிஸ்ட் ஆக்கும் வசதியைத் தந்தது. சண்டையைக் குறைக்க நல்ல வழிதான். ஆனால் அது தருவது இருவருக்கும் ஏற்கெனவே பழகியவற்றின் கலவை. ஆர்தர் ஆரோன் குழு 2000-ல் வெளியிட்ட சோதனைகளில் தம்பதிகளின் நிறைவைக் கூட்டியது, பழகிய இதமான செயல் அல்ல. சேர்ந்து செய்த, புதிதான, சற்றே கிளர்ச்சியூட்டிய செயல். தனக்குத் துளியும் பழக்கமில்லாத ஒன்றைத் துணை தேடிப் பிடித்துக் கொண்டுவந்து போடும்போது அந்தப் புதுமை வீட்டுக்குள் வருகிறது. பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று வாதிடவும் எதிரே ஓர் ஆள் இருக்கிறார்.